உத்தரமேரூரின் முப்பது குடும்புகள்

தொண்டை நாட்டுக் காலியூர்க் கோட்டத்தின்கண் அமைந்த உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம், இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்தரமேரூர் என வழங்குகின்றது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 919) 14ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 921) பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் வெங்கையா வெளியிட்ட நாள்தொட்டு, இவற்றைப் பாராட்டாதார் இலர். பழந்தமிழர் குடியாட்சிக்கு இவற்றையே சான்றாகக் காட்டுவாரும் பலர். அப்பாராட்டு எத்துணைப் பொருந்தும் என்பதையும், ஊரார் முயற்சியும் அரசின் துணையும் ஆண்டு எவ்வாறு இயைந்தன என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்காலத்து வட்டம் போன்றதொரு பகுதி. ஒவ்வொரு குடும்பினரும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, இன்ன குடும்பு என்று அடையாள ஓலை பூட்டிக் கட்டிக் குடத்தில் இட்டனர். இளையோரும் முதியோருமாகச் சபை முழுதும் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காண எடுத்து நிறுத்துவார். உள்ளிருப்பது இன்னதென்றறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை வேறொரு குடத்திற் கலந்தபின் அவனே ஓரோலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே அதனை ஏற்றல் வேண்டும். கைக்குள் வேறோலை மறைத்தற்கு இடமில்லை. அவன் படித்தபின் நம்பிமார் அனைவரும் அதனைப் படித்தல் வேண்டும். இத்துணை ஐயம் கொண்டு விதி வகுத்தோர், ஐயுறுதற்குரிய செயல்களை முன்னர்க் கண்டவராகவே இருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. குடவோலை முறை இவர்கள் புதிதாகக் கண்டதன்று. அகநானூற்றின் 77ஆம் பாட்டிலேயே அதனைப் பற்றிய குறிப்பு உண்டு. புதியது, அம்முறையைச் சூழ்ந்து எழுப்பிய காவலே.

இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் கல்வியாலும் ஆண்டாலும் மூத்தாரும், முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தாருமாகிய பன்னிருவர் சம்வத்சர வாரியம் ஆவர். எஞ்சியவருட் பன்னிருவர் தோட்டத்தையும் அறுவர் ஏரியையும் பேணுவர். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் பிறிதொரு குடவோலையால் அமைந்தன. பதவிக்காலம் 360 நாள். இடையே குற்றம் கண்டால் அப்பொழுதே விலக்கப்படுவர். ஏரி வாரியத்தின் பணி பெரிது. பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகமே இவ்வூரின் உயிர்நிலை. ஆண்டுதோறும் அதன் வண்டலை அகற்றிக் கரையில் இடுதற்குப் பொன் அளித்த அறங்களை இவ்வூர்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. பொருள் ஒருவர் கொடுக்க, வேலையை ஊர் வாரியம் நடத்தியது.

இனி அரசின் பங்கு. 919இல் தத்தனூர் மூவேந்த வேளானும், 921இல் சோமாசிபெருமானும் அரசனாணைப்படி சபையில் உடனிருந்தனர். அதனால் சபை அரசனின் ஏவலுக்கு அடங்கியதே என்பாரும் உளர். அற்றன்று. வந்த அதிகாரி வாரியத்தில் அமர்ந்திலன். ஓலை எழுதினானும் அல்லன். சபையார் செய்த வியவஸ்தைக்கு அரசாணையின் வலிமை சேர்த்தான், அவ்வளவே. இரண்டு ஆண்டிற்குள் விதி திருத்தப்பெற்றமையே முதல் ஏற்பாடு நிறைவு தரவில்லை என்பதைக் காட்டும். முன்னர் 30க்கு மேல் 60க்குள் என்றிருந்த அகவை 35க்கு மேல் 70க்குள் என மாறியது; தகுதியற்றோர் பட்டியலும் விரிந்தது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி, அவன் தாயின் உடன்பிறந்தாள் மக்களும், மாமனும், மருமகனும், மைத்துனரும், தந்தையும் மகனும் விலக்கப்பட்டனர். ஒருவன் செய்த பிழை உறவினர் வாயிலாக மீண்டும் வாரியத்துள் நுழையலாகாது என்பதே கருத்து.

எனினும் மறைத்தற்கில்லாத குறை ஒன்று உண்டு. இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், தன் மனையில் எடுத்த வீடும், மறையறிவும் உடைய ஆடவனே குடத்தில் பெயர் இடப்பெறுதற்கு உரியவன். வேதமும் பாடியமும் வல்லவனாயின் அரைக்கால் வேலி போதும். வண்டல் வாரிய கையினரும், அந்நிலத்தை உழுத குடிகளும், கைவினைஞரும், பெண்டிரும் இம்முப்பது குடும்பின் ஓலைகளுள் ஒன்றிலும் இலர். ஏரி உடைந்தால் முதலில் அழிவது அவர்தம் குடிசையே. அதனைக் காக்கும் வாரியத்திலோ அவர்க்கு இடமில்லை. இதனைக் குடியாட்சி என்று வாளா புகழ்தல் வரலாற்றிற்கு நேர்மையன்று. 1992இல் இயற்றப்பெற்ற 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம், மூன்று இலட்சத்திற்குக் குறையாத மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் அமைதல் வேண்டும் என்றதோடு, நகராட்சி மன்றங்களில் பெண்டிர்க்கும் பட்டியல் இனத்தார்க்கும் இடம் ஒதுக்கியது. குடத்தின் வாயை விரித்தது இச்சட்டமே. உத்தரமேரூரின் நேர் வழித்தோன்றலாக இதனைக் கூறுவார் கூற்றை யாம் ஏற்கின்றிலேம்.

ஆயினும் கணக்குப் பற்றிய விதி ஒன்றை மீண்டும் நோக்குகின்றோம். கணக்கெழுதுவோன் தன் காலத்துக் கணக்கைத் தானே காட்டித் தூயன் என்று ஏற்கப்பட்ட பின்னரன்றி மறுமுறை கணக்கில் அமர்தல் கூடாது. அவன் எழுதிய கணக்கை வேறொருவன் வந்து முடித்தலும் கூடாது. 921ஆம் ஆண்டு வியவஸ்தையைச் சபையார் பணிக்க எழுதியவன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப் பிரியன் என்னும் மத்தியஸ்தன். உள்ளங்கை விரித்து ஓலை ஏற்க வேண்டுமென்னும் விதியை, அக்கைக்கு உரியவனே எழுதித் தன் பெயரையும் இறுதியிற் பொறித்துள்ளான்.