மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கிறதா? எக்செப்ஷன் சோதனை வளர்ந்த கதை

கல்வராயன் மலையில் மழை பிடித்தால் கல்படை, பொட்டியம் ஆறுகளின் நீர் கச்சிராயபாளையம் பக்கமுள்ள கோமுகி அணைக்கு வந்து சேரும். அணையின் முழு நீர்மட்டம் 46 அடி. அந்த மட்டத்தைப் பதிவு செய்ய ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 46 என்பதைக் கைதவறி 64 என்று தட்டினால் நிரல் வாங்கிக்கொள்ளக் கூடாது; எக்செப்ஷன் எழுப்ப வேண்டும். 44 கொடுத்தால் 44 பதிவாகிறதா என்று பார்ப்பது எளிது. 64ஐச் சரியான காரணத்துக்காகத்தான் மறுக்கிறதா என்று பார்ப்பதில்தான் சிக்கல்.

கலைச்சொல் அகராதிகள் எக்செப்ஷனை ‘விதிவிலக்கு’ என்கின்றன. அதில் சலுகை வாசம் அடிக்கிறது. இங்கே நடப்பதோ மறுப்பு.

1975இல் ஜான் குட்எனஃப் எழுதிய ஆய்வுரை எக்செப்ஷனைக் கையாள்வதற்கு ஓர் ஒழுங்கு தேடியது. பார்பரா லிஸ்கோவ் குழுவின் க்ளூ மொழியில், ஒரு செயல்முறை எதையெல்லாம் மறுக்கும் என்பதை அதன் தலைவரியிலேயே அறிவித்தார்கள். மறுப்பும் வாக்குறுதியின் பகுதி என்றானபின் அதையும் சோதித்தாக வேண்டும்.

ஸ்மால்டாக் மொழிக்குக் கென்ட் பெக் உருவாக்கிய எஸ்யூனிட் என்ற சோதனைக் கருவியில் இது எளிதாக இருந்தது. சந்தேகத்துக்குரிய வரியை மட்டும் ஒரு துண்டாகக் கட்டி, ‘இது இந்தப் பிழையை எழுப்ப வேண்டும்’ என்று சொல்லிவிடலாம். 1997இல் பெக்கும் எரிக் காமாவும் அட்லாண்டாவுக்குப் போகும் விமானத்தில் ஜாவாவுக்கான ஜேயூனிட்டை எழுதத் தொடங்கியபோது அந்த வசதி கைவிட்டுப் போனது. அன்றைய ஜாவாவில் நிரல்துண்டை அவ்வளவு லேசாகக் கையில் கொடுக்க வழியில்லை. எனவே ட்ரை, அதற்குள் 64ஐக் கொடுக்கும் வரி, அடுத்து ‘இங்கே வந்தால் தோல்வி’ என்னும் ஃபெயில், கீழே எக்செப்ஷனைப் பிடிக்கும் கேட்ச் என்று எழுதினார்கள். ஃபெயில் வரியை மறந்தால் போதும்: நிரல் 64 அடியை ஏற்றுக்கொண்டாலும் சோதனை பச்சை காட்டும்.

2006இல் வந்த ஜேயூனிட் 4, எதிர்பார்க்கும் எக்செப்ஷனைச் சோதனையின் தலையில் ஒரு குறிப்பாக எழுதச் சொன்னது. பார்க்க அழகு. ஆனால் என் கணிப்பில் இது பின்வாங்கல்தான். குறிப்பு மொத்தச் சோதனைக்கும் பொருந்துவதால், அணைக்கான ஆப்ஜெக்டை உருவாக்கும் முதல் வரியே அதே வகை எக்செப்ஷனோடு விழுந்தாலும் சோதனை தேறிவிடும். 64ஐக் கொடுக்கும் வரி ஓடியே இருக்காது. டாட்நெட் உலகின் என்யூனிட்டிலும் இதே பாணி இருந்தது. 2015இல் அதன் 3ஆம் பதிப்பு அதைக் கைவிட்டது.

பைதான் இந்தச் சுற்றில் சிக்கவில்லை. 2001இல் 2.1 பதிப்போடு சேர்ந்த ஸ்டீவ் பர்செலின் சோதனைத் தொகுதியில், செயற்கூற்றையே அசர்ட்ரெய்சஸ் கையில் கொடுக்கலாம். 2009இல் 3.1 அதை வித் தொகுதிக்குள் எழுத வழி செய்தது. ஆனால் அங்கே வெறுமனே எக்செப்ஷன் என்று பொதுவாகக் கேட்டால், தொகுதிக்குள் செயற்கூற்றுப் பெயரைத் தப்பாகத் தட்டியதால் எழும் நேம்எரரும் தேறிவிடும்.

நிரல்துண்டை லேசாகக் கையில் கொடுக்கும் லாம்டா ஜாவாவுக்கு 2014இல்தான் வந்தது. அதை நம்பி 2017இல் ஜேயூனிட் 5 அசர்ட்த்ரோஸைக் கொடுத்தது. எஸ்யூனிட்டின் பழைய வழி சுற்றி வந்து சேர்ந்தது, ஒரு கூடுதலோடு: எழுந்த எக்செப்ஷனையே திருப்பித் தருவதால் அதன் செய்தியில் 46 என்ற வரம்பு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அப்போதும் ஓர் ஓட்டை இருந்தது. பெற்றோர் வகையைக் கேட்டால் பிள்ளை வகையும் தேறிவிடும். கேட்ட வகைதான் வேண்டும் என்போருக்காக, 2021இல் 5.8 பதிப்பில் அசர்ட்த்ரோஸ்எக்ஸாக்ட்லி தனியாகச் சேர்ந்தது.