பி பிளாக் எண்ணெய்க் கறையும் திருவொற்றியூர் புல்லட்டும்

பி பிளாக் கீழ்த்தளத்தில், மூன்றாவது தூண் ஓரம், ஒரு கருத்த எண்ணெய்க் கறையைப் பார்த்திருப்பீர்கள். சென்ற பொதுக்குழுவில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. எதிர்வீட்டு மாமி அதில் கால் வைத்து வழுக்கி, நல்லவேளையாகத் தூணைப் பிடித்துக்கொண்டார். கறை என் வண்டியுடையது. "பழைய இரும்பு, எடைக்குப் போட்டுவிடலாமே சார்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். மூன்று மாதத்துக்குள் ஒழுகலை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை வெளியேற்ற வேண்டும் என்று குழு முடிவெடுத்தது. நியாயமான முடிவு, நானும் கை தூக்கினேன். ஆனால் அந்த எண்ணெய் ஏன் ஒழுகுகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் பாதி நம் ஊரிலேயே நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வண்டி 1974ஆம் ஆண்டு என்ஃபீல்ட் புல்லட் 350. என் அப்பா வாங்கியது. அதன் எஞ்சினை வரைந்தவர்கள் இங்கிலாந்தில், ஊசி செய்வதற்குப் பேர்போன ரெட்டிச் என்ற ஊரில் இருந்தார்கள். ராயல் என்ஃபீல்ட் கம்பெனி அங்கேதான் இருந்தது. 'புல்லட்' என்ற பெயர் 1930களிலேயே வந்துவிட்டாலும், நாம் இன்று புல்லட் என்று அடையாளம் காணும் உருவம் 1949 வாக்கில் விற்பனைக்கு வந்தது. பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர், 346 சிசி ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு போர், அதன்மேல் அலுமினிய ஹெட்.

கடைசியாகச் சொன்ன ஜோடியில்தான் சங்கதி இருக்கிறது. அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், எடையும் குறைவு. எனவே ஹெட்டுக்கு அது நல்லது. பிஸ்டன் உரசி ஓடும் போருக்கு வார்ப்பிரும்பு தேயாமல் உழைக்கும். இரண்டுமே சரியான தேர்வுகள்தான். ஆனால் சூடேறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு, 100 டிகிரி சூடு ஏறினால், இரண்டுக்கும் இடையே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று கூடுதலான வித்தியாசம் வரும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறை வண்டியை எடுத்து நிறுத்தும்போதும் ஹெட் போரின்மேல் நகர்ந்து திரும்புகிறது. இடையே மாட்டிக்கொண்டு நசுங்குவது, நம் மெக்கானிக்குகள் 'ஹெட் பேக்கிங்' என்று சொல்லும் காஸ்கெட். குக்கர் காஸ்கெட் தளர்ந்தால் பக்கவாட்டில் ஆவி சீறுவதைச் சமையலறையில் கேட்டிருப்பீர்கள், அதே கதைதான் இங்கேயும்.

புல்லட்டில் இன்னொன்றும் உண்டு. வால்வுகளைத் தூக்கும் புஷ் ராடுகள் தனிக் குழாயில் போவதில்லை. போரின் வலப்பக்க வார்ப்பிலேயே சுரங்கம் போல ஒரு வழி விட்டிருக்கிறார்கள். மேலே ராக்கருக்குப் போன எண்ணெய் அதே வழியாகக் கீழே இறங்குகிறது. எனவே பேக்கிங் அந்த ஓரத்தில் சோர்ந்தால், உடனே வண்டி நிற்காது. எண்ணெய் மெல்லக் கசிந்து, போரின் மடிப்புகளில் தூசியோடு அப்பி, கடைசியில் தரையில் சொட்டும். நம் மூன்றாவது தூணுக்கு வந்தது இப்படித்தான்.

இந்த எஞ்சின் சென்னைக்கு எப்படி வந்தது? எல்லைக் காவலுக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்ட இந்திய ராணுவம் 1950களின் தொடக்கத்தில் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. இங்கே அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தது மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955இல் அவர்களும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா'வைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் தொழிற்சாலை திறந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் பெட்டிகளில் வர, இங்கே கோத்தார்கள். 1956 முடிவதற்குள் கோத்து முடித்தவை 163 வண்டிகள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்து சேர, 1960களின் தொடக்கத்துக்குள் பாகங்கள் இங்கேயே தயாராயின.

பிறகு நடந்தது வேடிக்கை. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் மிச்சமிருந்த தயாரிப்பும் 1970இல் நின்றது. திருவொற்றியூரில் அந்த 1949 எஞ்சின் தொடர்ந்து வார்க்கப்பட்டது. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது! புதிய வடிவ எஞ்சின் 2009 வாக்கில் வந்த பிறகுதான் வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றது. சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான்; போட்டி இல்லாத சந்தையில் யார் மாற்றுவார்கள்? ஒழுகலும் வரைபடத்தோடு சேர்ந்தே வந்தது. ஆனால் அதே காரணத்தால்தான் ஐம்பது வயது வண்டிக்கு இன்றும் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் சாமான் கேட்டு வாங்க முடிகிறது.

புதுப்பேட்டையில்தான் நம் பாயையும் பிடித்தேன். வயது எழுபதுக்கு மேல். மகன்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இங்கே வந்து வேலை பார்த்தார். உங்களில் சிலர் நின்று பார்த்தீர்கள், பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில் எஞ்சின் ஓடும்போது ஹெட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினார். முன்பக்கம் குமிழி வந்தது. ஆக, எண்ணெய் மட்டுமல்ல, காற்றும் போகிறது. பிறகு எஞ்சின் முழுதாக ஆறும்வரை கை வைக்கவில்லை. டேங்க், சைலன்சர், கார்புரேட்டர், ராக்கர் மூடிகள் வரிசையாக இறங்கின. இரண்டு புஷ் ராடுகளும் ஒரே நீளமல்ல என்பதால் எது எங்கிருந்தது என்று துணியில் தனித்தனியாக வைத்தார். ஹெட் நட்டுகளை எதிரெதிராகக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினார். ஒரே பக்கமாகக் கழற்றினால் அலுமினியம் கோணிவிடும்.

ஹெட்டைத் தடித்த கண்ணாடிமேல் கவிழ்த்து, கீழே டார்ச் அடித்தார். ஓரமாக ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. அந்தக் கீற்றுதான் நம் பொதுக்குழுத் தீர்மானத்துக்குக் காரணம். கண்ணாடியில் எமரி காகிதம் ஒட்டி, எட்டு போட்டு எட்டு போட்டு ஹெட்டைத் தேய்த்தார், ஒன்றரை மணி நேரம்.

கழற்றிய பேக்கிங்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் வைத்த பழைய ரகம். அந்தக் காலத்து எஞ்சின்களில் இதுதான் வழக்கம். கல்நார் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரலாம். பிரிட்டன் 1999இல் அதை முழுவதும் தடை செய்தது. அப்பா காலத்தில் பேக்கிங்கைச் சுரண்டி வாயால் ஊதுவார்கள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஊதியிருக்கிறேன். இந்தமுறை தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டி, பையில் கட்டினோம். உங்கள் வீட்டில் பழைய எஞ்சின் இருந்தால் இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

புதிதாகப் போட்டது வெறும் செம்புத் தகடு. செம்பு நசுங்க நசுங்க இறுகிப்போகும். இறுகியது மேடுபள்ளத்தில் படியாது. எனவே அடுப்பில் மங்கிய சிவப்பாகும்வரை சுட்டுத் தண்ணீரில் போட்டார். இரும்பை இப்படிச் செய்தால் கடினமாகும், செம்போ வெண்ணெய் போல இளகிவிடுகிறது. பிறகு நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று சுற்றில் இறுக்கினார். புஷ் ராடுகள் விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான் டேப்பெட் கணக்கு.

முதல் உதையில் கிளம்பவில்லை. மூன்றாவதில் கிளம்பியது. நான் உடனே ஒரு ரவுண்டு போகத் துடித்தேன். "அவசரப்படாதீங்க சார். சூடாகட்டும், ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில வந்து இன்னொரு தரம் நட்டைப் பார்க்கிறேன்" என்றார். மறுநாள் ஏழு மணிக்கே வந்துவிட்டார். இரண்டு நட்டுகள் அரைக்கால் சுற்று வாங்கின.

ஆறு வாரம் ஆகிறது. தரையை மரத்தூள் போட்டுத் துடைத்து, சோப்பு நீரால் கழுவிவிட்டேன். வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை விரித்து வைத்திருக்கிறேன். நேற்று இரவு பார்த்தபோது அதில் சொட்டு ஏதுமில்லை. அட்டையை எடுக்காமல் அங்கேயே விட்டிருக்கிறேன். குழு உறுப்பினர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து குனிந்து பார்க்கலாம். மாமி ஏற்கெனவே இருமுறை பார்த்துவிட்டார்.