அக்காவின் கூஜா

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் கதையை எல்லாரும் டாக்டர்களிடமிருந்து தொடங்குவார்கள். நான் ஒரு தங்கையிடமிருந்து தொடங்குகிறேன். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிய முத்துலட்சுமி ரெட்டி, 1923-இல் தன் தங்கையை மலக்குடல் புற்றுக்குப் பறிகொடுத்தார். படித்த டாக்டர்தான், ஆனால் அந்தக் கட்டிலருகே அவர் அக்கா. 1935-இல், படித்த கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்றார். வந்தால் சாவுதான், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று நினைத்த காலம். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் 12 படுக்கைகளோடு குடிசையில் திறந்தார்கள். தங்கை போய் 31 வருஷம் ஆகியிருந்தது.

அங்கே 1986-இல் நாங்கள் போனோம். அம்மாவுக்குக் கன்னத்தில் புற்று. நாற்பது வருஷப் புகையிலை. கூட இருக்க என் அக்கா தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு மன்னார்குடியிலிருந்து வந்தாள். பக்கத்திலேயே ஒரு அறை, மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு பித்தளைக் கூஜா.

கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க ஆரம்பித்த மூன்றாம் வாரம் வாயெல்லாம் புண். ரசம் எரிந்தது, உப்பு எரிந்தது. எச்சில் வற்றி, சோறு நாக்கில் மணலாக ஒட்டியது. அக்கா நொய்யைக் குழைய வேகவைத்து, துணியில் வடிகட்டி, ஆறவைத்துப் பாலைச் சேர்ப்பாள். ஒரு டம்ளரை அரை மணி நேரம் கொடுப்பாள். ஊரிலிருந்து வந்த அத்தைக்கு இது பிடிக்கவில்லை. பால் கபம், முட்டை சூடு, வாழைப்பழம் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தாள். நம் வீடுகளில் நோய் என்றாலே பத்தியம். காய்ச்சலுக்கும் பேறுகாலத்துக்கும் பழகிய கணக்கை இதற்கும் போட்டுவிடுகிறோம். உடம்பு கரைகிற நோய்க்கு அது பொருந்தாது. "எது இறங்குதோ அதக் கொடும்மா" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் முட்டையை அடித்துப் பாலில் கலக்க அக்காவுக்குத் தைரியம் வந்தது. அத்தை ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

ஒருநாள் அம்மா டம்ளரைத் தட்டிவிட்டாள். "சாப்பிடு சாப்பிடுன்னு உசிர வாங்காதடி." அக்கா தரையைத் துடைத்துவிட்டு வெளியே போய் அழுதாள். அன்றிலிருந்து கெஞ்சுவதை விட்டுவிட்டாள். கூஜாவைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசுவாள். கதை நடுவில் அம்மா தானாகவே ஒரு வாய் குடிப்பாள்.

நோயின் பெயரை அம்மாவிடம் சொல்லக் கூடாதென்று பெரியப்பா கட்டளை. "வாய்ப்புண்" என்றே சொல்லிவந்தோம். ஐந்தாம் வாரம் அம்மா சிரித்தாள்: "வாசல்ல போர்டு இருக்கே, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதா எனக்கு?" வந்த அன்றே படித்திருக்கிறாள். நாங்கள் பயப்படுவோமென்று வாயே திறக்கவில்லை. பின்னாளில் அதே மருத்துவமனையில் நோயாளியின் மனத்துக்கென்றே தனித் துறை வந்தது. அன்று எங்களுக்கு அந்தத் துறை அக்காதான்.

அம்மா அதன் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றியும் அந்த மருத்துவமனையை வளர்த்த டாக்டர் சாந்தாவைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், எழுதத்தான் வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒருத்தி கஞ்சிக் கூஜாவோடு அங்கே மாசக்கணக்கில் பாய் போட்டுப் படுத்திருப்பாள். அவள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.