விசில் யார் கையில்?

புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் விடியற்காலையில் ஓடும் நம் பிள்ளைகளிடம் அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். போலீஸ் வேலை, ராணுவம், ரயில்வே கோட்டா என்பார்கள். கோச் ஆவேன், உடற்கல்விக் கல்லூரிக்கு முதல்வராவேன் என்று சொல்லும் பிள்ளையை நாம் அரிதாகவே பார்த்திருக்கிறோம். ஓடுவது நாம், விசில் ஊதுவது வேறு யாரோ என்பது அவ்வளவு இயல்பாகிவிட்டது.

வீரராக இருந்து பயிற்சியாளராகி, பிறகு கல்வி நிறுவனத்தை நடத்தும் பாதை தமிழ்நாட்டில் புதிதல்ல. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்கல்வி படித்த ஹாரி பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நூறாண்டு கடந்துவிட்டது. அந்தப் பாதையில் நம்மவர் ஒருவர் நடந்தபோது என்ன ஆனது என்பதற்குச் சாந்தி சௌந்தரராஜனின் வாழ்க்கையே சாட்சி.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் 1981இல் பிறந்தவர். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். அவர்கள் வெளியூர்ச் சூளைக்குப் போனால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது மூத்தவள் சாந்தியின் வேலை. ஊருக்கு வெளியே மண்தரையில் ஓடக் கற்றுக்கொடுத்து, ஷூ வாங்கித் தந்தவர் தாத்தா. 2005இல் இஞ்சியோன் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் மீண்டும் வெள்ளி; 2 நிமிடம் 3.16 நொடி.

பிறகு பாலினச் சோதனை. ரகசியமாக இருந்திருக்க வேண்டிய முடிவு ஊடகங்களுக்குக் கசிந்தது. அந்த அறிக்கையில் என்ன இருந்தது என்பது நமக்குத் தேவையில்லை. அதைத் தெருவில் போட்டுப் பேசியதுதான் குற்றம். பதக்கம் பறிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு 2009இல் இதே நெருக்கடி வந்தபோது அவருடைய நாடே பின்னால் நின்றது. அவர் வென்ற தங்கம் அவரிடமே இருந்தது. ஒடிசாவின் துத்தி சந்த் 2015இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை சென்று அந்த விதியையே நிறுத்திவைத்தார். சாந்திக்காக வழக்காட 2006இல் எந்தச் சங்கமும் வரவில்லை. சூளைத் தொழிலாளியின் மகள்தானே என்ற நினைப்பும் அதில் இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்தில் வீடு கட்டி உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. சாவின் விளிம்புவரை போய் மீண்டிருந்த அவரோ, அதை ஏழைப் பிள்ளைகளின் பயிற்சிக்குச் செலவிட்டார். 2009 வாக்கில் அவரிடம் 68 பேர் இலவசமாகப் பயின்றார்கள். சென்னை மாரத்தானில் அவருடைய மாணவர்கள் முதல் இடமும் மூன்றாம் இடமும் பிடித்தார்கள். அதாவது எந்த நிறுவனமும் சான்றிதழ் தரும் முன்பே அவர் கோச் ஆகிவிட்டார்.

அரசு கொடுத்ததோ மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் தற்காலிகப் பயிற்சியாளர் வேலை. அது குடும்பத்துக்குப் போதவில்லை. 2012இல் அவர் மறுபடி செங்கல் சூளையில் நின்றார், நாள் கூலி 200 ரூபாய்க்கு. பத்திரிகைகள் அதை எழுதிய பிறகே மேலிடம் அசைந்தது. பெங்களூரில் பயிற்சியாளர் டிப்ளமோவில் சேர்ந்து 2014இல் முடித்தார். 68 பேரை ஓட வைத்த பிறகு, ஓட வைக்கத் தெரியும் என்பதற்கு ஒரு காகிதம்! அந்தக் காகிதம் இல்லாமல் நிரந்தர வேலை கிடையாது என்பதால் அதையும் வாங்கினார். தோழர்களே, உடற்கல்விக் கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தை அலட்சியமாகப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தோகா முடிந்து ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்தே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் அவருக்கு நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது. பதக்கத்தைக் கேட்டு தேசிய தாழ்த்தப்பட்டோர் ஆணையத்தின் கதவையும் தட்டினார். தோகா 800 மீட்டர் வெள்ளிக்கு நேரே இருப்பது இன்னும் வேறொருவர் பெயர்தான்.