ஒரு மட்டையும் பல அடிகளும்

விறகு பிளக்கும்போது கோடரிக் காம்பை எங்கே பிடிக்கிறோம்? பெரிய கட்டை என்றால் காம்பின் கடைசி முனையைப் பிடித்து, தலைக்குமேல் ஓங்கி இறக்குகிறோம். அடுப்பு மூட்டச் சிறாய் சீவ வேண்டுமென்றால், கையைக் கோடரியின் தலைப்பக்கமாக நகர்த்திக்கொள்கிறோம். வீச்சு குறைகிறது, வேகம் குறைகிறது, ஆனால் வெட்டு நாம் நினைத்த இடத்தில் விழுகிறது. மண்வெட்டி, சுத்தியல் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். இதை யாரும் நமக்குப் பாடம் நடத்திச் சொல்லித் தரவில்லை. கை தானே கற்றுக்கொண்டது.

இந்தச் சின்னக் கணக்கு ஒரு பெரிய விளையாட்டின் வரலாற்றில் என்ன வேலை செய்தது என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். அந்த விளையாட்டு கோல்ப்.

"அது துரைமார் ஆடும் ஆட்டமாயிற்றே, அதைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சிங்கப்பூரில் 1891ஆம் ஆண்டிலும், சிலாங்கூரில் 1893ஆம் ஆண்டிலும் கோல்ப் கிளப்புகளைத் தொடங்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். நம்மவர்கள் நெடுங்காலம் வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஆட்டம் அது. ஆனால் நாம் வெளியே நின்றாலும், நம் காட்டு மரத்தின் பால் அந்த ஆட்டத்தின் பந்துக்குள்ளே போயிருந்தது. அதிலிருந்தே தொடங்குவோம்.

கோல்ப் பிறந்து வளர்ந்த இடம் ஸ்காட்லாந்து. 1457ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில், வில் பழக வேண்டிய ஆண்கள் எல்லாரும் கோல்பும் கால்பந்தும் ஆடிப் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று சொல்லித் தடைச் சட்டமே போட்டார்கள். ஆட்டம் நின்றதா? நிற்கவில்லை. கடலோர மணல்மேடுகளில், ஆடு மேய்ந்த புல்வெளிகளில் அது வளர்ந்துகொண்டே போனது. அந்நாளைய பந்து, தோல் பைக்குள் வேகவைத்த இறகுகளைத் திணித்துத் தைத்த பந்து. கைதேர்ந்த தொழிலாளி நாள் முழுதும் உட்கார்ந்தாலும் மூன்று நான்கு பந்துகள்தாம் செய்ய முடியும். ஆகவே விலை அதிகம். மழையில் நனைந்தால் தையல் விட்டுப்போகும்.

இந்த நிலையை மாற்றியது நம் பக்கத்துக் காடு. மலாய்க்காரர்கள் தாபான் என்று அழைக்கும் மரத்தின் பாலுக்கு 'கெத்தா பெர்ச்சா' என்று பெயர். வெந்நீரில் போட்டால் மாவு போல் இளகும். ஆறினால் கல்போல் இறுகும். கத்திப் பிடிகளுக்கு இதைப் பயன்படுத்துவதை மலாய் மக்கள் வெகுகாலமாக அறிந்திருந்தார்கள். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்காமரி என்பவர் 1843ஆம் ஆண்டில் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். பின்னர் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இது டன் கணக்கில் கப்பலேறியது. 1848ஆம் ஆண்டு வாக்கில் ஸ்காட்லாந்தில் இதே பிசினை உருட்டிக் கோல்ப் பந்து செய்துவிட்டார்கள். மலிவான பந்து, நனைந்தாலும் கெடாது, உடைந்தால் சுடுநீரில் போட்டு மறுபடி உருட்டலாம். சாதாரணத் தொழிலாளியும் கோல்ப் ஆட முடிந்தது அதன் பிறகுதான். அதற்கு நம் காடு கொடுத்த விலை வேறு. ரப்பர் மரத்தைப்போல் சீவிப் பால் எடுக்காமல், தாபான் மரத்தை வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தார்கள். மரங்கள் வேகமாக அழிந்தன.

பிறகு 1898ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அக்ரன் நகரில் கோபர்ன் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலை இழுத்து இறுக்கிச் சுற்றிப் பந்து செய்தார். அது இன்னும் தூரம் போனது. அப்போது நம் நாட்டில் ரப்பர்த் தோட்டம் என்பது பச்சிளம் பயிர்தான். மலாக்காவில் டான் சே யான் முதல் தோட்டம் போட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இருபது முப்பது ஆண்டுகள் கழித்து உலக ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து போனபோது, எந்தப் பந்துக்குள் எந்தத் தோட்டத்து, எவர் வாளியின் பால் இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

பந்தின் கதை இருக்கட்டும். மட்டைக்கு வருவோம்.

பழைய கோல்ப் மட்டையின் தண்டு மரத்தால் ஆனது. அமெரிக்காவில் விளையும் ஹிக்கரி என்னும் மரமே அதற்கு உகந்தது என்று கண்டுகொண்டார்கள். ஆட்டக்காரர் கையில் ஆறு, ஏழு, மிஞ்சினால் பத்து மட்டைகள் இருக்கும். மட்டைகளுக்கு எண் கிடையாது. கிளீக், மேஷி, நிப்லிக் என்று பெயர்கள்தாம் இருந்தன. தூரம் அடிக்க ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, குழிக்குள் தள்ள ஒன்று என்ற அளவில்தான் வகை. இரண்டு மட்டைகளுக்கு இடைப்பட்ட தூரம் வந்தால் என்ன செய்வது? மட்டையை மாற்ற முடியாது, பிடியை மாற்றினார்கள். இதற்கு வாகாக அந்நாளைய மட்டைகளில் தோல் சுற்றிய பிடியும் நீளமாகவே இருக்கும். முனையிலிருந்து ஓர் அங்குலம், இரண்டு அங்குலம், தேவைப்பட்டால் அதற்கும் கீழே கையை இறக்கிப் பிடித்து அடிப்பார்கள்.

இதில் நடப்பது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும்போது, கயிறு நீளமாக இருந்தால் கல் பெரிய வட்டம் போடும். அதன் வேகமும் கூடும். கயிற்றைக் குறுக்கினால் வட்டம் சிறுக்கும். அதே கைவேகத்தில் கல்லின் வேகம் குறையும். மட்டையும் அப்படித்தான். கையை இறக்கிப் பிடித்தால் மட்டைத் தலையின் வேகம் குறைகிறது. பந்து குறைந்த தூரம் போகிறது. தூரம் குறைவது எல்லாருக்கும் உடனே விளங்கிவிடும். உயரமும் ஏன் குறைகிறது என்பதுதான் சுவையான சங்கதி. சாய்வான முகம் கொண்ட மட்டை பந்தைத் தாக்கும்போது, பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே பறக்கிறது. அந்தச் சுழற்சிதான் காற்றில் பந்தை மேலே தூக்கிப் பிடிக்கிறது. அடியின் வேகம் குறைந்தால் சுழற்சியும் குறையும். தூக்கும் விசையும் குறையும். பந்து தாழ்வாகவே போகும். அதோடு தண்டு குறுகியதால் அதன் வளைவும் குறைந்து, அடி இன்னும் உறுதியாக விழும்.

எதிர்காற்று பலமாக வீசும் கடலோர மைதானத்தில் இது பெரிய உதவி. உயரப் போன பந்தைக் காற்று பிடித்துப் பின்னுக்குத் தள்ளிவிடும். தாழப் போன பந்து காற்றுக்கு அடியில் நுழைந்து போய்விடும். மேட்டுச் சரிவில் பந்து நம் காலைவிட உயரத்தில் கிடந்தாலும் கையை இறக்கித்தான் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மட்டை மண்ணைத்தான் அடிக்கும். ரப்பர்த் தோட்டத்துச் சரிவில் பந்து விளையாடிப் பழகிய பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவின் சிக் எவன்ஸ் 1916ஆம் ஆண்டு அந்நாட்டு ஓப்பன் பட்டத்தை ஏழே மட்டைகளோடு வென்றார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1913ஆம் ஆண்டில், அதே பட்டத்தை பிரான்சிஸ் விமெட் என்னும் இருபது வயது இளைஞர் வென்றார். அவருடைய தந்தை குடியேறி வந்த தோட்டக்காரர். வீட்டு வாசலுக்கு எதிரே மைதானம். சிறுவயதில் அங்கே பை தூக்கிய 'கேடி' அவர். (நம்மிடையே கேடி என்றால் வேறு பொருள். இது ஆட்டக்காரரின் மட்டைகளைச் சுமந்து செல்லும் வேலை, நாணயமான வேலை.) அவர் தோற்கடித்தது பெயர்பெற்ற ஹாரி வார்டனையும் டெட் ரேயையும். அன்று அவருக்குப் பை தூக்கிய பையனுக்கு வயது பத்து.

இதன் பிறகு இரும்புத் தண்டு வந்தது. அமெரிக்காவில் 1924ஆம் ஆண்டிலும், பிரிட்டனில் 1929ஆம் ஆண்டிலும் அதற்கு அனுமதி கிடைத்தது. தொழிற்சாலைகள் ஒன்றுபோல் மட்டைகளைச் செய்து எண் போட்டு வரிசை வரிசையாக விற்றன. எண் ஏற ஏற மட்டை அரை அங்குலம் போலக் குறுகும், முகம் அதிகம் சாயும். கை செய்த வேலையை இப்போது கடை செய்தது! பணமுள்ளவர் பைகளில் இருபது, இருபத்தைந்து என்று மட்டைகள் பெருகின. அந்தச் சுமையைத் தூக்கியவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆட்டத்தில் திறமை குறைகிறது என்ற முணுமுணுப்பு எழுந்து, கடைசியில் 1938ஆம் ஆண்டில் அமெரிக்கச் சங்கமும், 1939இல் பிரிட்டிஷ் சங்கமும், பதினான்கு மட்டைகளுக்கு மேல் கூடாது என்று விதி செய்தன. அந்த விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. பதினான்கே போதாதா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் இரண்டு எண்களுக்கு நடுவே வரும் தூரம் அப்போதும் இருக்கத்தானே செய்யும்? கையை இறக்கும் வித்தை ஆகவே மறையவில்லை.

அந்த வித்தையை ஒரே மட்டையில் முழுவதும் கற்றவர் ஒருவர் இருந்தார். ஸ்பெயின் நாட்டின் வடகரையில் பெட்ரேனா என்னும் ஊர். அங்கே 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், மாடும் நிலமும் வைத்துப் பிழைத்த ஒரு குடும்பத்தில், கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார் செவரியானோ பாலஸ்டெரோஸ். செவெ என்று உலகம் அவரை அழைத்தது. ஊரில் 1928ஆம் ஆண்டு முதலே செல்வந்தர்களின் கோல்ப் மைதானம் ஒன்று இருந்தது. அண்ணன்மார் அங்கே கேடி வேலை பார்த்தார்கள், செவெயும் சேர்ந்துகொண்டார். ஆனால் பை தூக்கும் பையன்கள் அந்தப் புல்லில் ஆடக்கூடாது.

சிறுவனுக்கு முதலில் கிடைத்தது தண்டில்லாத ஒரு மூன்றாம் எண் இரும்பு மட்டையின் தலை மட்டுமே. ஒரு குச்சியைச் சீவி அதில் செருகிக்கொண்டார். பந்து வாங்கக் காசில்லை; கடற்கரைக் கூழாங்கல்லே பந்து. எட்டு வயது வாக்கில் அண்ணன் மனுவேல் ஒரு முழு மட்டையைக் கொடுத்தார்; அதுவும் மூன்றாம் எண்தான். மூன்றாம் எண் மட்டை நீளமானது, முகம் அதிகம் சாயாதது, நெடுந்தூரம் தாழ்வாக அடிப்பதற்கென்றே செய்தது. மணலில் புதைந்த பந்தை எடுக்கவோ, பத்துப் பதினைந்து கஜம் மெல்லத் தூக்கிப் போடவோ அது பொருந்தவே பொருந்தாது. பையனிடம் வேறு மட்டை இல்லையே! கிட்டத்துக்குப் பந்தை அனுப்பக் கையை இறக்கிப் பிடித்தார். உயரம் வேண்டியபோது இறக்கிய கையோடு மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திருப்பி அடித்தார். தாழ்வாக உருட்ட வேண்டியபோது முகத்தை மூடினார். பகலெல்லாம் கடற்கரை, இரவில் நிலா வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாமல் மைதானத்துக்குள் நுழைவார். பந்து எங்கே விழுந்தது என்று கண்ணால் பார்க்க முடியாது; கை உணர்ந்ததையும் காது கேட்டதையும் வைத்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

பதினாறு வயதில், 1974ஆம் ஆண்டில், அவர் தொழில்முறை ஆட்டக்காரரானார். இரண்டே ஆண்டுகள் கழித்து பிர்க்டேல் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில், கடைசிக் குழியில், பந்துக்கும் குழிக்கும் நடுவே இரண்டு மணல்பள்ளங்கள். வேறு யாராக இருந்தாலும் அவற்றின் தலைக்குமேல் பந்தைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். பத்தொன்பது வயதுச் செவெ இரண்டுக்கும் நடுவிலிருந்த குறுகிய இடைவெளியில் பந்தைத் தாழ்வாக ஓடவிட்டு, புகழ்பெற்ற ஜாக் நிக்லஸோடு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1979இல் அந்தப் பட்டம் அவருடையதாயிற்று; 1984, 1988 ஆண்டுகளிலும் அதையே வென்றார். 1980இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்ற முதல் ஐரோப்பியர் அவரே. 1983இல் மீண்டும் வென்றார்.

பெரிய ஆட்டக்காரரான பின்பு, பதினான்கு மட்டைகள் பையில் இருந்தும், மணல்பள்ளத்துக்குள் ஒரு மூன்றாம் எண் மட்டையோடு இறங்கி, பந்தை மெல்லத் தூக்கிக் குழியருகே போட்டுக் காட்டுவது அவருக்குப் பிடித்த வேடிக்கை. 2011ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள், தம் 54ஆம் வயதில், அதே பெட்ரேனாவில் தம் வீட்டில் அவர் காலமானார்.