நின்ற பொறியின் பிரேத பரிசோதனை

மரணத்தின் காரணம் விளங்காதவிடத்து வைத்தியர் உடலைக் கூறிட்டு ஆராய்கின்றனர். அப்பரிசோதனையின் பெயரைக் கணிப்பொறியாளரும் இரவல் கொண்ட வரலாற்றை இன்று கூறப் புகுகின்றேன்.

1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி முதன்முதலாக இயங்கிற்று. அதனை ஆக்குவித்த மோரிஸ் வில்க்ஸ் எழுதிய கட்டளைத் தொடர் ஒன்றில் வரிகள் 126. பிழைகளோ ஏறத்தாழ 20! எஞ்சிய ஆயுளில் ஒரு நல்ல பகுதி தம் பிழைகளைத் தேடுவதிலேயே கழியுமென்பதை மாடிப்படியில் நின்று உணர்ந்ததாக அவர் பின்னர் எழுதினார்.

தொடக்கத்தில், பொறியை ஒவ்வொரு கட்டளையாக நடத்தி, நினைவகத்தைக் காட்டும் திரையை உற்று நோக்குவர். ஒருவர் நோக்கியிருக்கப் பலர் காத்திருக்க நேர்ந்தது. ஆகவே, பொறி நின்றதும் நினைவகத்தில் எஞ்சியவற்றை அச்சிட்டுத் தரும் சிறு தொடர்களை ஆக்கினர். அவற்றுக்கே பிரேத பரிசோதனைத் தொடர்கள் என்று பெயர். தாளை எடுத்துச் சென்று ஆறுதலாக ஆராயலாமன்றோ? 1951இல் ஸ்டான்லி கில் இதுபற்றி எழுதிய கட்டுரை றோயல் சங்க ஏட்டில் வெளிவந்தது.

பின்னர்க் காந்த வளையங்களாலாகிய 'கோர்' நினைவகம் வந்தது. 'கோர் டம்ப்' என்ற பெயரும் பிறந்தது. வளையங்கள் மறைந்தும் பெயர் மறையவில்லை.

சாதாரண நிரலொன்று மாண்டால், அதனை ஆளும் பணிசெயல் முறைமையின் கேர்னல் சாட்சி எழுதி வைக்கும். கேர்னலே மாண்டால் எழுதுவது யார்? சிதைந்த கையால் வட்டில் எழுதப் புகுந்தால் நல்ல கோப்புகளும் அழியக்கூடும். இச்சிக்கலுக்கு லினக்ஸ் 2005இல் கண்ட வழி எனக்கு மிகவும் உவப்பானது. நினைவகத்தின் ஒரு மூலையில் இரண்டாவது கேர்னல் ஒன்று முன்கூட்டியே உறங்க வைக்கப்படுகின்றது. முதலாவது வீழ்ந்ததும் அது விழித்தெழுந்து, இறந்ததன் நினைவை அப்படியே படியெடுக்கின்றது.

படியை வாசித்தல் எளிதன்று. பொறி வீழ்ந்த இடம் தெரியும். நினைவகத்தைக் கெடுத்த கட்டளையோ நெடுநேரம் முன்னரே தன் வேலையை முடித்து அகன்றிருக்கலாம்.

2024 யூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் வீழ்ந்தன. விமானங்கள் தரையில் நின்றன. வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன. வீழ்ந்த பொறிகளின் படிகள், தனக்குரிய எல்லைக்கு அப்பால் நினைவகத்தை வாசித்த ஒரு கட்டளையைச் சுட்டின. அதற்கு வழங்கப்பட்ட உள்ளீடுகள் 20. அது தேடிச் சென்றது 21ஆவதை.