நெற்றியில் குத்தாத பச்சை

அமெரிக்காவில் இருக்கும் என் மகளை, மார்பகப் புற்றுநோய்க்கான மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார் அவளுடைய டாக்டர். அவள் பாட்டி, அதாவது என் மாமியார், அந்த நோயில்தான் போனார். "முதலில் லைஃப் இன்ஷூரன்ஸ் எடுத்துடறேன்பா, அப்புறம்தான் டெஸ்ட்" என்றாள். ஏன் இந்த வரிசை என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அரிவாள் செல் சோகை என்பது ஒரு ரத்த நோய். அமெரிக்காவில் பெரும்பாலும் கறுப்பின மக்களுக்கு வருவது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பொதுவாகத் தொந்தரவு இராது. அப்படிப்பட்ட இருவர் மணந்துகொள்ளாமல் இருக்க, அவர்கள் நெற்றியில் பச்சை குத்திவிடலாம் என்று 1968-ல் யோசனை சொன்னவர் லைனஸ் பாலிங், இரண்டு நோபல் பரிசு வாங்கியவர்!

யாரும் பச்சை குத்தவில்லை. ஆனால் 1970-களின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் கறுப்பின மக்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. விளைவு, நோயே இல்லாத பலருக்கு வேலையும் இன்ஷூரன்ஸும் மறுக்கப்பட்டன. விமானப்படை அகாடமி 1981 வரை அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அடுத்து ஒரு ரயில் கம்பெனி. பர்லிங்டன் நார்தர்ன் சாண்டா ஃபே என்று பெயர். மணிக்கட்டு வலிக்கு நஷ்டஈடு கேட்ட தொழிலாளர்களின் ரத்தத்தை, அவர்களுக்குச் சொல்லாமலே மரபணுச் சோதனைக்கு அனுப்பியது. வலிக்குக் காரணம் வேலை அல்ல, பிறவிக் கூறு என்று காட்டத்தான். 2001-ல் அரசு ஆணையம் வழக்குப் போட்டது. மறு வருடம் 22 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள்.

லூயிஸ் ஸ்லாட்டர் என்ற பெண் எம்.பி. 1995-லிருந்தே இதற்கொரு சட்டம் கேட்டுப் போராடினார். பதின்மூன்று வருடம் கழித்து, 2008 மே 21-ல் அதிபர் புஷ் கையெழுத்திட்டார். மரபணுவைக் காட்டி வேலையோ மருத்துவக் காப்பீடோ மறுக்கக்கூடாது என்றது சட்டம். ஆனால் பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களுக்கு அது பொருந்தாது. ஆயுள் காப்பீடும் அதில் சேரவில்லை. மகள் போட்ட வரிசையின் ரகசியம் இதுதான்.

கனடா 2017-ல் இன்னும் கடுமையான சட்டம் போட்டது. ஒப்பந்தத்துக்காகவோ சேவைக்காகவோ மரபணுச் சோதனையைக் கட்டாயப்படுத்தினால் ஐந்து வருடம் வரை சிறை, பத்து லட்சம் டாலர் வரை அபராதம். 2020-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேரின் தீர்ப்பால் அதை நிலைநிறுத்தியது. நம் நாட்டில் இதற்கென்று தனிச்சட்டம் இல்லை. பரம்பரை இருதய நோயாளி ஒருவரின் வழக்கில், மரபணு நோய் என்ற பொதுப்படையான காரணம் சொல்லி மருத்துவக் காப்பீட்டைத் தட்டிக்கழிப்பது சமத்துவ உரிமைக்கு விரோதம் என்று 2018 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது.

மகள் பாலிசி எடுத்துவிட்டாள், அடுத்த வாரம் டெஸ்ட். முடிவு அவளைப் பற்றி மட்டுமா பேசும்? என் மனைவியையும் அவள் தங்கைகளையும் பற்றியும் அல்லவா பேசும்! வீட்டில் இப்போது யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.